சொறி இருக்குது, எறங்காதீங்க!

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம், மாசி மகத்தன்று நடந்தது இது. கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கேதான். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நெட்டப்பாக்கத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அதுவரை நான் கடலைப் பார்த்ததே இல்லை.

கடல் ஒன்றும் சீமையில் இல்லை. மாட்டு வண்டி கட்டினால் போய்விடலாம். ஆனால் பழைய நாளில் அந்த வழியில் போவதென்றால் பிரெஞ்சு எல்லை, இந்திய எல்லை, மறுபடி பிரெஞ்சு எல்லை என்று மாறி மாறி வரும். சாவடிக்குச் சாவடி வண்டியை நிறுத்தி, வைக்கோலைக் கிளறி, கட்டுச்சோற்று மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். அதற்கு அலுத்துக்கொண்டே என் மாமனார், "கடலு எங்க போயிடப் போவுது? அப்புறம் பாத்துக்கலாம்" என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்டு வந்தார். சாவடிகளை எடுத்ததும் அவருக்குச் சாக்கு இல்லாமல் போயிற்று.

அந்த வருஷம் போயே ஆகவேண்டும் என்று என் மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். காரணம் என் நாத்தனார். அவளுக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணை மாசி மகத்தன்று கடலில் மூன்று முழுக்குப் போட வைப்பதாக மாமியாருக்கு வேண்டுதல். மகத்துக்கு எங்கள் பக்கத்துச் சாமிகளெல்லாம் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். சொறி சிரங்கு உள்ளவர்களும் போவார்கள், உப்புத் தண்ணீரில் முழுகினால் போய்விடும் என்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். நாத்தனார் என்றால் எப்படி இருப்பாளோ என்று பயந்துகொண்டே போன எனக்கு, அந்த வீட்டில் கிடைத்த ஒரே தோழி அவள்தான். மாமியார் என்னைத் திட்டிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனதும், இவள் அடுப்படிக்கு வந்து அவரைப் போலவே இடுப்பில் கை வைத்துப் பேசிக் காட்டுவாள். அழ வேண்டிய நேரத்தில் சிரித்துக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளைக்கு மதகடிப்பட்டில் சைக்கிள் கடை. நல்ல பையன். அவருடைய அம்மாதான் கறாரான பேர்வழி. பெண் பார்க்க வந்த அன்றைக்கே நாத்தனாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க விட்டுப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிப்பதுபோலப் பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. அதிலிருந்து என் மாமியாருக்குப் பெண்ணின் உடம்பைப் பற்றி யார் எது சொன்னாலும் சுருக்கென்று கோபம் ஏறிவிடும்.

முதல் நாளே கிளம்பிப் பாகூரில் உறவினர் வீட்டில் தங்கி, காலையில் கடற்கரை போய்ச் சேர்ந்தோம். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நாத்தனார், நான். சாமி வந்து இறங்கிய இடத்தில் கால் வைக்க இடமில்லை. கல்யாணப் பெண்ணை அவ்வளவு பேர் நடுவில் ஈரப் புடவையோடு நிறுத்த மாமியாருக்கு மனமில்லை. அதனால் வண்டியைத் தெற்கே ஓட்டி, குப்பத்துக்கு முன்னால் நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் மாடுகளை அவிழ்த்து நிழலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

நாத்தனார் கடலைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இம்மாந் தண்ணி இருந்தும் ஒரு காணிக்குப் பாச்ச முடியாதே!" என்றாள். விவசாயி மகள் அல்லவா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் அந்தச் சத்தமும் அகலமும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அங்கே தண்ணீரில் ஒரு ஆள்கூட இல்லை. குப்பத்துப் பிள்ளைகள்கூட மணலில்தான் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். 'பரவாயில்லையே, நமக்கென்றே காலியாக இருக்கிறது' என்று மாமியார் சந்தோஷப்பட்டார். அலை வந்து போன ஈர மணலில் கண்ணாடிபோலக் கட்டி கட்டியாக ஏதோ கிடந்தது. நுங்கைத் தோண்டிப் போட்டதுபோல இருந்தது. கடல் என்றால் இப்படியெல்லாம் கிடக்கும்போல என்று தாண்டிப் போனோம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் மணலில் நெத்திலி காய வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். நாங்கள் தண்ணீரை நோக்கிப் போவதைப் பார்த்ததும் எழுந்து நின்று கத்தினாள்.

"எம்மோவ், எறங்காதீங்க! சொறி இருக்குது!"

மாமியார் சட்டென்று நின்றார். முகம் சிவந்துவிட்டது. "யாருக்குடி சொறி இருக்குது? எம் பொண்ண நல்லாப் பாத்துச் சொல்லு, யாருக்கு சொறி?"

காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தது. அவள் சொன்னதில் பாதிதான் எங்கள் காதில் விழுந்தது.

"நெறய இருக்குதும்மா! ஒட்டிக்கும்! நாங்களே எறங்கல!"

எங்கள் காதுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் உடம்பில் சொறி நிறைய இருக்கிறது, எங்கள் கடலில் இறங்கினால் எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பயந்து நாங்களே இறங்காமல் நிற்கிறோம். அப்படித்தான் எங்களுக்கு அர்த்தமாயிற்று. அதுவும் கல்யாணம் நிச்சயமான பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு!

"கேட்டியா, கேட்டியா? நம்ம சொறி அவங்களுக்கு ஒட்டிக்குமாம்! ஊர்ல இருக்கற சொறி சிரங்கு எல்லாம் இங்க வந்துதான் முழுவுது. இது இன்னா இவ வூட்டுக் கடலா?" என்று மாமியார் என்னிடம் பொரிந்தார். மாமனார், "வுடு, நல்ல நாளும் அதுவுமா" என்றார். ஆனால் அவருக்கும் முகம் சுண்டித்தான் போயிருந்தது. மாமியார் வீம்பாக மகளின் கையைப் பிடித்து, "போடி, நல்லா உள்ளப் போயி முழுவு. யாரு கேக்கறான்னு பாக்கறேன்" என்று அனுப்பினார்.

நாத்தனார் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டாள். நான் கணுக்கால் நனைய நின்றுகொண்டு அவளுடைய மாற்றுப் புடவையைக் கையில் வைத்திருந்தேன். முதல் முழுக்குப் போட்டு எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயில் போன உப்புத் தண்ணீரைத் துப்பினாள். அந்தச் சமயம் நெத்திலிக்காரப் பெண் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானார்.

இரண்டாவது முழுக்கிலிருந்து நாத்தனார் எழுந்தபோது போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியால் காலைச் சுற்றி இழுத்ததுபோல இருந்தது என்று பிறகு சொன்னாள். அப்போது அவளுக்கு வார்த்தை எதுவும் வரவில்லை. "அண்ணி, அண்ணி" என்று மட்டும் கத்தினாள். கரைக்கு வரவும் தெரியாமல், நிற்கவும் முடியாமல் தண்ணீரை அடித்துக்கொண்டு அங்கேயே சுழன்றாள். நான் புடவையைப் போட்டுவிட்டு உள்ளே போகப் பார்த்தேன். ஓடி வந்த அந்தப் பெண் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள்.

"நீ வராத! ஒனக்கும் சுத்திக்கும்!"

சொல்லிக்கொண்டே அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள். நாத்தனாரை இரண்டு கையாலும் வாரி எடுத்து, அலையோடு அலையாக இழுத்துக் கொண்டுவந்து மணலில் போட்டாள். மாமியார் செருகின முந்தானையோடு சிலைபோல நின்றார்.

நாத்தனாரின் புடவை முழங்காலுக்கு மேல் சுருண்டிருந்தது. கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் நீலமும் வெள்ளையுமாக நூல் நூலாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நூல் பட்ட இடமெல்லாம் சாட்டையால் விளாசியதுபோலத் தடித்துச் சிவந்துகொண்டு வந்தது. மாமனார் பதறிப்போய் ஒரு கை மணலை அள்ளிக் காலில் தேய்க்கக் குனிந்தார். எங்கள் பக்கம் கம்பளிப் பூச்சி பட்டால் அப்படித்தான் எதையாவது போட்டுத் தேய்ப்போம். அந்தப் பெண் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"தேய்க்காதய்யா! தேய்ச்சா வெசம் உள்ள ஏறும்."

நான் வண்டியிலிருந்து குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்தேன். அதையும் தடுத்தாள். நல்ல தண்ணீர் பட்டாலும் அந்த நூலிலிருந்து விஷம் இன்னும் கக்குமாம். செம்பைக் கவிழ்த்துவிட்டு, அதிலேயே கடல் தண்ணீரை மொண்டு ஊற்றச் சொன்னாள். நான் ஊற்ற ஊற்ற, அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒரு கிளிஞ்சல் ஓட்டின் விளிம்பால் ஒவ்வொரு நூலாகத் தூக்கித் தூரப் போட்டாள். அழுத்தாமல், இழுக்காமல், பூத்தொடுப்பவள் நாரை எடுப்பதுபோல எடுத்தாள்.  அவள் கை நடுங்கவே இல்லை.

கடைசி நூலை ஓட்டின் நுனியில் தூக்கி மாமியாரின் முன்னால் காட்டினாள்.

"இதாம்மா சொறி."

மாமியார் அதைப் பார்த்தார். பிறகு ஈர மணலில் நாங்கள் தாண்டி வந்த கண்ணாடிக் கட்டிகளைப் பார்த்தார். செருகின முந்தானையை உருவி, மகளின் முகத்தைத் துடைக்க உட்கார்ந்தார். 

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் நாத்தனாருக்கு வியர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. வாந்தி எடுத்தாள். இடுப்பும் முதுகும் இழுக்கிறது என்று துடித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, மூச்சு முட்டுது" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அதுவரை நிதானமாக இருந்த அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. குப்பத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். மகம் என்பதால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகவில்லை. நாலு ஆம்பளைகள் ஓடி வந்தார்கள். மணலில் எங்கள் வண்டி ஊர்ந்துதான் போகும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. பழைய வலை ஒன்றை மடித்து இரண்டு துடுப்புகளில் கட்டித் தூளியாக்கி, நாத்தனாரைத் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்துத் தூக்கினார்கள். நடக்கவில்லை, ஓடினார்கள். நானும் மாமியாரும் பின்னால் ஓடினோம். என் வீட்டுக்காரர் மாடுகளை அப்படியே மாமனாரிடம் விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்.

அந்தப் பெண்ணும் எங்களோடு ஓடி வந்தாள். வழியில் என்னிடம் சொன்னாள். அவளுடைய அண்ணன் முங்கு நீச்சலில் கெட்டிக்காரனாம். வலை அடியில் பாறையில் மாட்டிக்கொண்டால் அவன்தான் முங்கி எடுத்து விடுவான். ஒரு நாள் அப்படி முங்கினபோது சொறி கழுத்தில் சுற்றிக்கொண்டது.

"மேல வந்து கட்டுமரத்தப் புடிச்சிகினு, 'மூச்சு முட்டுது'ன்னு ஒரே வார்த்ததான் சொன்னானாம். கரைக்குக் கொண்டாரதுக்குள்ளாற போயிட்டான்."

அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. என் தோழி பிழைப்பாளா என்ற ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதம் வாங்க வேண்டிய கூறைப்புடவை, பந்தல், பாத்திரம் எல்லாம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

கிருமாம்பாக்கம் ரோட்டுக்கு வந்தபோது கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ் ஒன்று வந்தது. மீனவர்கள் ரோட்டின் நடுவிலேயே நின்று மறித்தார்கள். கண்டக்டர் திட்ட வாயெடுத்தவர், வலைக்குள் கிடந்தவளைப் பார்த்ததும் இறங்கி வந்து ஒரு கை பிடித்தார். உள்ளே இருந்தவர்கள் தாங்களாகவே எழுந்து நீள சீட்டைக் காலி பண்ணினார்கள். அதன்பிறகு டிரைவர் ஆஸ்பத்திரி வாசல் வரை எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவும் இல்லை.

பஸ் கிளம்பும்போது அந்தப் பெண் ஜன்னலோரம் வந்து எங்கள் ஊரைக் கேட்டாள். சொன்னேன்.

"மதகடிப்பட்டு சந்தைக்குக் கருவாடு எடுத்துகினு வருவேன். பொண்ணு எழுந்து நடந்தா ஒரு சேதி சொல்லு" என்றாள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நின்றாள். வெயிலுக்காக என்று நினைத்தேன். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பக்கத்திலேயே இருந்து பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் மூச்சு சீராயிற்று. நாத்தனார் கண் திறந்து, "மூணாவது முழுக்கு பாக்கி இருக்குதே அண்ணி" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டாக்டர், மணலைப் போட்டுத் தேய்த்திருந்தாலோ, இன்னும் கொஞ்ச நேரம் அவள் தண்ணீருக்குள்ளேயே கிடந்திருந்தாலோ சொல்வதற்கில்லை என்றார். பிரெஞ்சு படித்தவர். இப்போது பிள்ளைகள் ஜெல்லி மீன் என்கிற அந்தப் பிராணிக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் சொன்னார். எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. குப்பத்துப் பெயரே எங்களுக்குப் போதும் என்று இருந்துவிட்டோம்.

வினை அங்கேதான் இருந்தது.

ஊருக்குத் திரும்பினோம். நாத்தனார் எழுந்து நடமாடினாள். காலில் மட்டும் கயிறு சுற்றி எடுத்ததுபோலக் கறுத்த தழும்புகள். கல்யாணச் சாமான் வாங்க இன்னும் ஏன் கிளம்பவில்லை என்று டீக்கடையில் யாரோ கேட்டிருக்கிறார்கள். என் மாமனார் பெருமையாகவே சொல்லியிருக்கிறார், "மகத்துக்குக் கடலுக்குப் போனோம். பொண்ணுக்கு சொறி புடிச்சிக்கிச்சு. ஆஸ்பத்திரியில வெச்சிருந்து இட்டாந்தோம்" என்று. கடற்கரையில் கற்றுக்கொண்டு வந்த வார்த்தை எங்களுக்கு அதற்குள் அவ்வளவு பழகிவிட்டது. நெட்டப்பாக்கத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது என்பதை மறந்தே போனோம்.

டீக்கடைப் பேச்சு மதகடிப்பட்டுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? மாப்பிள்ளையின் அம்மா ஒரு காலை வேளையில் வந்து இறங்கினார். காப்பித் தண்ணீரைத் தொடவில்லை. "காலக் காட்டச் சொல்லுங்க" என்றார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். மாமியார் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். கடல் சொறி வேறு, உடம்புச் சொறி வேறு என்று அடித்துச் சொன்னார்.

"சொறின்னா சொறிதானே? அதுல கடல் சொறி இன்னா, கரச் சொறி இன்னா? யோசன பண்ணிச் சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

 அன்று நாத்தனார் அடுப்படிக்கு வந்து மாமியாரைப்போல நடித்துக் காட்டவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், "பொழச்சி வந்தது இதுக்குத்தானா அண்ணி?" என்று. எனக்கு அந்த அம்மாள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனால் மாமியார் கோபப்படவே இல்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அவ சொன்னதுல இன்னா தப்பு? நானும் அதத்தான கேட்டேன்" என்றார்.

சந்தை நாளன்று மாமியாரும் நானும் மதகடிப்பட்டுக்குப் போனோம். கருவாட்டுக்காரர்கள் உட்காரும் வரிசையில் அந்தக் குப்பத்துப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டோம். எங்களைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "பொண்ணு நடக்குதா?" என்பதுதான். நடக்கிறாள் என்றதும், "அப்பாடா" என்று மூச்சு விட்டாள். விஷயத்தைச் சொன்னோம். பக்கத்துக் கடைக்காரியிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உடனே எழுந்து வந்தாள்.

மாப்பிள்ளை வீடு சைக்கிள் கடைக்குப் பின்பக்கம். சைக்கிள் சக்கரத்தின் கோட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த மாப்பிள்ளை எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே சொன்னார். அவருடைய அம்மா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு குப்பத்துப் பெண்ணைப் பார்த்து, "அப்பிடி ஒரு பிராணி இருக்குதுன்னா எடுத்துகினு வந்து காட்டு, நம்பறேன்" என்றார்.

"அத்த எப்டிம்மா காட்டறது? கரையில போட்டா வெயில்ல தண்ணியா ஓடிப்பூடுமே" என்றாள் அவள்.  பிறகு முந்தானையை விலக்கி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் மேலே வரை அதே கயிறு சுற்றிய தழும்புகள். நாத்தனாரின் காலிலிருந்து எடுத்து ஒட்டியதுபோல இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் வந்து பார்த்தார். அவர்தான் எதையும் குனிந்து பார்க்கும் ஆள் ஆயிற்றே. ஒரே பார்வையில் தெரிந்துகொண்டார்.

"ஒனக்கு இது எப்ப வந்துது?"

"அன்னிக்கிதாம்மா. ஒங்க மருமவளத் தூக்கி வெளிய கொண்டாந்தப்ப."

 நான் கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் கையிலும் அதே நெருப்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தக் கையோடுதான் நடுங்காமல் நூல் நூலாக எடுத்திருக்கிறாள். அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் ரோடு வரை ஓடி வந்திருக்கிறாள். பஸ்ஸில் அவளுக்கும் இடம் இருந்தது. ஏறச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார். "இது மத்தவங்களுக்கு ஒட்டுமா?"

"ஒட்டுனா எங்க குப்பத்துல ஒருத்தருக்கும் கல்யாணம் ஆயிருக்காதும்மா" என்றாள் அவள்.

மாப்பிள்ளை பின்னாலிருந்து சிரித்துவிட்டார். "போதும்மா. வெச்ச நாள்லயே நடத்திடலாம்" என்றார். அந்த அம்மாளும் முறைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சிரித்தார். உள்ளே போய் மோர் கொண்டுவந்து முதலில் கருவாட்டுக்காரப் பெண்ணிடம்தான் கொடுத்தார்.

திரும்பி வரும்போது சந்தை முனையில் என் மாமியார் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். தழும்பின்மேல் பட்டுவிடாமல் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டார். யாரிடமும் இறங்கிப் பேசத் தெரியாதவர் அவர்.

"தங்கச்சி, நீ எறங்காதன்னு சொன்னப்ப நான் இன்னா கேட்டேன் தெரியுமா? யாருக்குடி சொறின்னு கேட்டேன். ஒங் காதுல வுழுந்துதோ இல்லியோ."

"வுழுந்துதும்மா. அதனாலதான் ஓடியாந்தேன். யாருக்குன்னு நீங்க கேட்டப்பவே தெரிஞ்சிகினேன், சொறின்னா இன்னான்னே ஒங்களுக்குத் தெரியலன்னு. இனிமே கத்திகினு நின்னா ஆவாதுன்னுதான் ஓடியாந்தேன்" என்றாள் அவள்.

மாமியார் அங்கேயே, சந்தை நடுவிலேயே அழுதுவிட்டார்.

கல்யாணம் பங்குனியில் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளையின் அம்மாவே அந்தப் பெண்ணைக் கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார். நாத்தனாரின் காலில் இருந்த தழும்பு வருஷம் போகப் போக மங்கிவிட்டது. பேரன் பேத்திகளை யாராவது கடலுக்கு அழைத்துப் போகிறார்கள் என்றால், 'கரையில் இருப்பவர்களை முதலில் விசாரி, அவர்கள் இறங்காத தண்ணீரில் நீயும் இறங்காதே' என்று சொல்லாமல் விடமாட்டாள். ஆனால் அந்த மூன்றாவது முழுக்கை அவள் கடைசிவரை போடவே இல்லை. சாமி மன்னித்துக்கொள்ளும் என்பாள்.

எனக்கு அந்த நாளில் நினைத்து நினைத்து மாளாதது ஒன்று உண்டு. ஒரே வார்த்தையால் இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு குழப்பம் வந்தது. ஒருத்தி முந்தானையைச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றாள். இன்னொருத்தி முறத்தைப் போட்டுவிட்டுக் காப்பாற்ற ஓடி வந்தாள். யாராவது சொன்ன சொல் காதில் சுருக்கென்று தைத்து எனக்குக் கோபம் ஏறும்போதெல்லாம், கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்ற அவள்தான் கண்முன் வருகிறாள். "இன்னா சொல்ற, கொஞ்சம் வெளங்கச் சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் இன்றுவரை அடுத்த அடியை எடுத்து வைக்கிறேன்.